பதினோராம் அத்தியாயம்

அச்சகக்காரர் கேட்டது பதினாறு பக்கம்.
நாலில் தேவாரம், இரண்டில் வம்சாவளி,
கடைசியில் நன்றி நவிலல்.
"மிச்சத்தை நீங்கள் நிரப்புங்கோ தங்கச்சி,
முப்பத்தோராம் நாளுக்குப் பிந்தாமல் தாறன்."

ஊரில் பாதிச் சாவுக்குக்
கல்வெட்டு வெண்பா எழுதிக் கொடுத்தவர் அப்பா.
உப்புவெளியில் ஒருவருக்கு, பாலையூற்றில் ஒருத்திக்கு,
ஒரு சதம் கடன் தராத கடைக்காரருக்கும்
"ஈகையில் கர்ணன்" என்று
தளை தட்டாமல் ஒரு பொய்.
தனக்கென்று ஒரு வரியும் வைத்துவிட்டுப் போகவில்லை.

டொரன்டோவிலிருந்து தம்பி சொல்கிறான்:
"'எழுத்தாளர்' எண்டு பெரிய எழுத்தில போடு."
குசினிக்குள்ளிருந்து அம்மா:
"மூண்டு புத்தகம், ஐந்நூறு ஐந்நூறாய்.
வித்தது எனக்குத் தெரியும்.
விக்காததுக்கு மேலதான் பிரிட்ஜ் நிக்குது,
வெள்ளம் வந்தாலும் நனையாது."

மூன்றாவதில் பதினோராம் அத்தியாயம் கிடையாது.
கோட்டை வாசலில் சைக்கிளை நிறுத்தித்
தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்
கூடையிலிருந்த தாள்களை மான் தின்றது.
துரத்தவில்லையாம். நின்று பார்த்தாராம்.
"ஒரு வரி விடாமல் படிச்ச ஒரே வாசகர்" என்றார் வீட்டுக்கு வந்து.
திருப்பி எழுதவில்லை.
பத்துக்குப் பிறகு பன்னிரண்டு.
கொழும்பில் யாரோ விமர்சனத்தில்
அந்த இடைவெளியைப் புதுமை என்று எழுதினார்.
அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்,
"மானுக்கு" என்று பக்கத்தில் குறித்து.

"அவர் எப்பிடிப்பட்டவர், ஒரு வரி சொல்லுங்கோ அம்மா."
பூசணிக்காய் அரிவதை நிறுத்தாமல் சொன்னாள்:
"முள் எடுக்கத் தெரியாது.
நாப்பத்தேழு வருசம்
சூடைக்கு முள் எடுத்துக் குடுத்தனான்.
எழுது."
முப்பத்தொன்று முடியும்வரை வீட்டில் மீன் இல்லை.
ஆனாலும் பருப்புச் சோற்றை
அவள் விரல்கள் தடவித் தடவித்தான் பிசைகின்றன.

எனக்கு அவர் ஐம்பத்தெட்டுப் போட்டவர்.
எட்டாம் வகுப்பு, தமிழ்க் கட்டுரை.
அழுதுகொண்டு கேட்டேன், இரண்டு மார்க்குத்தானே என்று.
கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்:
"காற்புள்ளி எங்கே?"
இன்றைக்கும் கச்சேரியில் கடிதம் எழுதும்போது
தேவைக்கு மேல் இரண்டு போடுகிறேன்.

பதினெட்டாம் நாள் மூதூரிலிருந்து
சலாகுதீன் என்றொருவர் வந்தார்,
கதலிப்பழச் சீப்பும் நரைத்த தாடியுமாக.
"சேர் காலையில லாஞ்சிலதான் வருவார், மகள்,
மடியில கொப்பிக் கட்டு, கையில சிவப்புப் பேனை.
ஒரு மார்கழி, வாடை அடிச்சு லாஞ்ச் சரிஞ்சு
ஒரு கொப்பி கடலுக்குள்ள போயிட்டு.
என்ட கொப்பி.
சேர் ஒண்டும் சொல்லல்ல.
வகுப்பில மார்க் வாசிச்சார்:
சலாகுதீன், அறுபத்திரண்டு."

வாசலில் காகம் கத்தியது. அவர் குரலைத் தாழ்த்தினார்:
"நான் ஒண்டுமே எழுதல்ல மகள்.
வெறுங் கொப்பிதான் குடுத்த.
அவர் தலை நிமிரல்ல, நானும் நிமிரல்ல.
மூத்த பேத்திக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு,
இன்னும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல."

எனக்குக் கோபம் வந்தது, உண்மை.
காற்புள்ளி இல்லாத என் மூன்று பக்கம் ஐம்பத்தெட்டு,
கொட்டியாரக் குடாவில் மிதந்த வெறுந்தாள் அறுபத்திரண்டு.
பிறகு, தேத்தண்ணி ஊற்றப் போன இடத்தில்,
சிரிப்பு வந்தது.
பிறகு சீனி போட மறந்தேன்.
அவர் மறுக்காமல் குடித்தார்.

புரூவ் வந்தது.
சூடை மீனைத் தம்பி எடுக்கச் சொன்னான், மரியாதை இல்லையாம்.
நான் எடுக்கவில்லை.
பத்தாம் பக்கத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
ஒரு பக்கம் வெறுமையாக விடச் சொன்னேன், எண்ணும் இல்லாமல்.
அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்:
"பிழை எண்டெல்லோ சனம் சொல்லும், தங்கச்சி?"

சொல்லட்டும்.
சுழித்துக் காட்ட
சிவப்புப் பேனை பிடித்த ஆள் இப்போது இல்லை.